வெடுக்கும் நாவூறலும்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் இரவு பத்து மணிக்குப் பிறகும் திறந்திருக்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் எண்ணெயில் கருவாடு விழுகிறது. சீறல் அடங்குமுன்பே மணம் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிடுகிறது. நடைபாதையில் போகிறவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துகிறார். உள்ளே வாங்கில் இருப்பவரோ, "அண்ணை, பொரியல் இன்னுங் கொஞ்சம் வையுங்கோ" என்கிறார். இருவருக்கும் இடையில் பத்தடி தூரம் இருந்தாலே அதிகம். இருவரும் சுவாசிப்பது ஒரே காற்று.

இதைவிட வியப்பானது, மூக்கைப் பொத்திய அதே மனிதர் இன்னொரு நாள் அதே கடையில் அதே கருவாட்டை விரும்பிச் சாப்பிடக்கூடும் என்பது. வாய்க்கு வெளியே நாற்றமாக இருந்த ஒன்று வாய்க்குள் போனதும் ருசியாகிறது. தைவானின் இரவுச் சந்தைகளில் விற்கும் 'நாறும் தோஃபு'வை முதன்முறை சாப்பிட்டவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். சோயாப்பாலைத் திரையவைத்துச் செய்த கட்டியை, காய்கறி, மூங்கில் குருத்து, இறால், பால் போன்றவை கிடந்து புளித்த உப்புநீரில் ஊறவிட்டுப் பொரித்துக் கொடுப்பார்கள். கடை இருக்கும் இடம் ஒரு தெரு தள்ளியே தெரிந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இரண்டாவது தட்டும் கேட்பார்கள்.

அப்படியானால் நாற்றம் எங்கே இருக்கிறது? கருவாட்டிலா, மூக்கிலா, மூளையிலா?

கருவாட்டில் இருந்தே தொடங்கலாம். கடல் மீனின் தசையில் மணமே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. டிரைமெத்தில் அமீன் ஒட்சைட்டு என்பது அதன் முழுப்பெயர். உயிரோடிருக்கும் மீனுக்கு அது ஒரு பாதுகாப்பு. உப்புக் கடலில் உடலின் நீர்ச்சமநிலையைப் பேணவும், ஆழ்கடலின் அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் காக்கவும் அது உதவுகிறது. ஆழம் கூடக் கூட மீனின் உடலில் அதன் அளவும் கூடுகிறது. இந்தக் கூடுதலைக் கணக்கிட்டுத்தான், மீன்களால் ஏறத்தாழ 8,200 மீற்றருக்குக் கீழே வாழ முடியாது என்று போல் யான்சி என்ற உயிரியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதினார்கள். 2022இல் ஜப்பானுக்கு அருகே ஒரு நத்தைமீன் 8,336 மீற்றர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டது. ஒரு மூலக்கூறின் அளவை வைத்துச் சொன்ன எல்லை இவ்வளவு நெருக்கமாக அமைந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்புத்தான்.

மீன் செத்ததும் கதை மாறுகிறது. பற்றீரியாக்கள் அந்தப் பொருளில் இருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்கின்றன. எஞ்சுவது டிரைமெத்தில் அமீன். நம் வீடுகளில் 'மீன் வெடுக்கு' என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான். ஆகவே இதை வெடுக்கு மூலக்கூறு என்றே அழைக்கிறேன். மீன் எவ்வளவு பழசு என்று அறிய ஆய்வுகூடங்களில் இதன் அளவையும் பார்க்கிறார்கள். இதன் கொதிநிலை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ். கொழும்பின் வெக்கையில் இது வாயுவாகத்தான் இருக்க முடியும். உலர்ந்த தசைக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது, சட்டியின் சூடு பட்டதும் வெளியே பாய்கிறது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் கருவாடு பொரிக்கிற வீட்டை மேல்மாடிக்காரர் முதலில் கண்டுபிடிப்பது இதனால்தான். காற்றில் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அதைவிடக் குறைந்த அளவையே மனித மூக்கு பிடித்துவிடும்.

கருவாட்டு மணம் முழுவதும் இந்த ஒரு மூலக்கூறு அல்ல. காற்றுப் பட்டுக் கெட்ட மீன்கொழுப்பும், புரதம் சிதைந்து வரும் அமிலங்களும் சேர்ந்ததுதான் அது. சுறாக் கருவாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. சுறாவும் திருக்கையும் தங்கள் உடலில் யூரியாவைத் தேக்கிவைத்திருப்பவை. அந்த யூரியாவைப் பற்றீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. சுறாக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணில் நீர் வருவது அதனால். ஐஸ்லாந்தில் கிறீன்லாந்துச் சுறாவைப் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தி 'ஹாகார்ல்' என்ற பெயரில் உண்கிறார்கள். அங்கேயும் மூக்கைத் தாக்குவது இதே அமோனியா.

இனி மூக்குக்கு வருவோம். மூக்கின் மேற்கூரையில், இரு கண்களுக்கும் நடுவே உள்ளாக, மோப்ப நரம்பணுக்கள் நிறைந்த ஒரு சிறு படலம் இருக்கிறது. அந்த அணுக்களின் மேல் இருக்கும் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். காற்றில் வந்த மூலக்கூறு தனக்கு ஏற்ற ஏற்பியில் படும்போது மூளைக்குச் செய்தி போகிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்குப் புறம்பாக, அமீன்களை உணர்வதற்கென்றே ஒரு சிறு குடும்பம் இருப்பதை 2006இல் ஸ்டீவன் லிபர்லெஸ் என்பவரும் லிண்டா பக்கும் சுண்டெலிகளிடம் கண்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஐந்தாம் எண் ஏற்பி வெடுக்கு மூலக்கூறைப் பிடிக்கிறது. அது நம்மிடமும் இருக்கிறது.

2013இல் லிபர்லெஸின் ஆய்வுக்குழு வெளியிட்ட முடிவு என் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் இந்த வெடுக்கு மூலக்கூறு நிறைய இருக்கிறது. சுண்டெலிகள் அதை நாடிப் போகின்றன. ஐந்தாம் எண் ஏற்பியின் மரபணுவை நீக்கியதும் அந்த நாட்டம் போய்விட்டது. ஆனால் பெரிய எலிகளிடம் அதே மூலக்கூறை வைத்தால் அவை விலகி ஓடுகின்றன. மூலக்கூறும் ஒன்று, அதைப் பிடிக்கிற ஏற்பியும் ஒன்று. ஓர் இனத்துக்கு வரவேற்பாக இருப்பது இன்னோர் இனத்துக்கு வெறுப்பாகிறது. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கவில்லை.

மனிதர்களுக்கு இடையிலும் வித்தியாசம் உண்டு. ஐஸ்லாந்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மீன் மணம் உட்பட ஆறு மணங்களை முகரக் கொடுத்து, அவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. அந்த ஐந்தாம் எண் ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு மீன் வெடுக்கு வலுவாகத் தெரியவில்லை. சிலர் அதை உருளைக்கிழங்கு என்றார்கள். கரமல் என்றும் ரோஜா என்றும் சொன்னவர்கள்கூட உண்டு. ஒரே கடையில் ஒரே மேசையில் இருக்கிற இருவருக்கு ஒரே கருவாடு ஒரே மணமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இதுவரை பார்த்தது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை விளக்குகிறது. ஒரே ஆளின் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே நடக்கும் மாற்றத்தை விளக்கவில்லை. அதற்கு மூக்கின் அமைப்பைப் பார்க்கவேண்டும்.

மோப்பப் படலத்தை ஒரு வீட்டின் நடுக்கூடம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முன்வாசலும் உண்டு, பின்வாசலும் உண்டு. முன்வாசல் நாசித் துவாரங்கள். உலகத்தில் இருப்பதை மூச்சிழுத்து முகர்வது அந்த வழியில். பின்வாசல் தொண்டையின் மேற்புறம் இருக்கிறது. மென்று விழுங்கியதும் வெளிவருகிற மூச்சு, வாயில் இருந்த உணவின் ஆவியை அள்ளிக்கொண்டு இந்தப் பின்வாசல் வழியாக மேலே ஏறுகிறது. முதலாவதை முன்மோப்பம் என்றும் இரண்டாவதைப் பின்மோப்பம் என்றும் சொல்லலாம். நாக்கில் தெரிகிற ருசி என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி இந்தப் பின்மோப்பம்தான். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மாசிக் கருவாட்டை மெல்லுங்கள். உப்பும் ஒருவகைச் சாரமும் தெரியும், அவ்வளவுதான். மெல்லும்போதே மூக்கை விடுங்கள். புகையும் மீனும் ஒரே நொடியில் வந்து நிறையும். நாக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்வாசல் மட்டும் திறந்தது.

இரண்டு வழியும் போய்ச் சேருவது ஒரே படலத்துக்கு. ஆகவே இரண்டும் ஒரே உணர்வைத் தரவேண்டும் என்றுதான் தோன்றும். 1982இல் அமெரிக்க உளவியலாளர் போல் றோசின் அதை மறுத்தார். முகரும்போது அருவருப்பும் உண்ணும்போது இன்பமும் தருகிற நாறும் பாற்கட்டிகளே அவரை யோசிக்கவைத்தன. பழக்கமில்லாத சாறுகளையும் சூப்புகளையும் சிலருக்கு முகரக் கொடுத்து, மணத்தைக் கொண்டே அடையாளம் காணப் பழக்கினார். பிறகு அவற்றையே நேராக வாய்க்குள் கொடுத்தார். பழகியவர்கள் தடுமாறினார்கள். மோப்பம் என்பது ஒரே புலன்தான் என்றாலும் அதற்கு இரட்டை வேலை இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்: வெளியுலகை உளவறிவது ஒன்று, வாயில் இருப்பதை அறிவது மற்றொன்று.

மூளையிலும் இது அப்படித்தானா என்று பார்க்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 2005இல் டேனா ஸ்மால் என்ற நரம்பியலாளரும் குழுவினரும் ஆட்களின் மூக்கினுள் இரண்டு மெல்லிய குழாய்களை வைத்தார்கள். ஒன்றின் முனை நாசித் துவாரத்தருகே, மற்றதன் முனை பின்னால் தொண்டைக்கு மேலே. ஒரே ஆவியை ஒருமுறை இதில், ஒருமுறை அதில் விட்டுக்கொண்டு மூளையைப் படம்பிடித்தார்கள். சொக்கிலேற் மணத்தை அனுப்பியபோது, முன்வழியில் வந்ததற்கும் பின்வழியில் வந்ததற்கும் மூளை வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டியது. உணவல்லாத மணங்களில் இந்த வேறுபாடு அப்படித் தெரியவில்லை. பின்வழியில் வந்த மணத்தை ஆட்கள் மூக்கில் உணராமல் வாயில் இருப்பதாகவே உணர்ந்தார்கள். வாயில் எதுவுமே இல்லாதபோதும் அப்படித்தான்.

வீதியில் போனவரும் வாங்கில் இருந்தவரும் இப்போது பிடிபடுகிறார்கள். வீதிக்காரரின் மூளைக்குக் கிடைத்த செய்தி, 'எங்கோ ஏதோ அழுகுகிறது' என்பது. அழுகல் நோயைத் தரும், ஆகவே விலகு. சாப்பிடுகிறவரின் மூளைக்கு அதே மூலக்கூறு 'வாயில் இருக்கிற உணவு' என்ற முகவரியோடு வருகிறது. கூடவே நாக்கும் சாட்சி சொல்கிறது.

நாக்கின் சாட்சி பலமானது. கொத்துரொட்டிக் கடையில் தட்டோரம் வைக்கிற கட்டச்சம்பலில் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய்ச் சாறு, மாசி. சூரை மீனை வெட்டி, அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டைபோல இறுகும்வரை காயவிட்டால் மாசி. மாலைதீவின் சரக்கு. அங்கே 1343இல் போய்ச் சேர்ந்து நீதிபதியாகவும் இருந்த இபின் பதூதா, இந்த உலர்மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியாவதை எழுதியிருக்கிறார். இலட்சத்தீவின் மினிக்கோயிலும் இதையே செய்கிறார்கள்.

ஜப்பானில் இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு, கட்சுவோபுஷி என்று பெயர். அதுவும் சூரை மீன்தான். 1908இல் கிகுனே இகேடா கடற்பாசிக் கஷாயத்தில் இருந்து குளூட்டாமேற்றைப் பிரித்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத இந்தச் சாரச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, கட்சுவோபுஷியின் சுவைக்குக் காரணம் இனோசினேற்று என்ற வேறொரு பொருள் என்று காட்டினார். மீன் தசையின் ஆற்றல் மூலக்கூறு சிதைவதால் அது உண்டாகிறது. 1950களின் பிற்பகுதியில் அகிரா குனினாகா இந்த இரண்டையும் கலந்து பார்த்தார். இரண்டின் கூட்டுத்தொகையை விடச் சுவை பல மடங்கு எழும்பியது. ஏன் என்பது 2008இல் தெளிவானது. குளூட்டாமேற்று வந்து பொருந்தியதும் மூடிக்கொள்ளும் ஏற்பியை, இனோசினேற்று அருகில் வந்து அமர்ந்து மூடிய நிலையிலேயே பிடித்துவைக்கிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. கொத்தின் தக்காளியிலும் கோழிக் குழம்பிலும் குளூட்டாமேற்று உண்டு, சம்பலின் மாசியில் இனோசினேற்று உண்டு. இரண்டும் ஒரே கவளத்தில் சேரும்போது நடப்பது குனினாகா கண்டதுதான்.

அந்தச் சம்பலில் தேசிக்காய் பிழிவதற்கும், கருவாட்டுக் குழம்பில் பழப்புளி கரைப்பதற்கும், சிங்கள வீடுகளின் அம்புல் தியலில் கொறக்காப் புளி சேர்ப்பதற்கும் பொதுவான ஒரு வேதியியல் இருக்கிறது. வெடுக்கு மூலக்கூறு ஒரு காரம். அமிலத்தில் இருந்து ஒரு ஐதரசன் அயனை அது பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டதும் அதற்கு மின்னேற்றம் வந்துவிடுகிறது. மின்னேற்றம் உள்ளது நீரை விட்டுக் காற்றுக்குக் கிளம்பாது. மீனில் இருந்து அது எங்கும் போய்விடவில்லை, மூக்குக்கு வர முடியாமல் நிற்கிறது. நேர்மாறாகச் செய்து பார்த்தாலும் இது புரியும். மீன் கழுவிய நீரில் அப்பச்சோடாவைப் போட்டால் வெடுக்கு ஏறும், தேசிக்காய் விட்டால் இறங்கும். இந்த வேதியியலை நம் அம்மம்மாமார் கையாலேயே செய்துவந்தார்கள்.

நாறும் தோஃபுவின் கதை சற்று வேறு. அதன் மணத்தில் முக்கியமானது இண்டோல் என்ற மூலக்கூறு. புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றீரியாக்கள் சிதைக்கும்போது அது வருகிறது. நம் குடலிலும் இதே சிதைவு நடக்கிறது, மலத்தின் நாற்றத்தில் இண்டோலுக்குப் பங்கு உண்டு. அதே இண்டோல் மல்லிகையிலும் இருக்கிறது. கோயில் வாசலில் விற்கும் மல்லிகைச் சரத்தின் அந்தக் கனத்த, சற்றே மயக்குகிற வாசனையில் அது ஓர் அங்கம். அளவு குறைந்து வேறு மணங்களோடு சேர்ந்து வந்தால் மாலையில் சூடிக்கொள்கிறோம், அளவு கூடித் தனித்து நின்றால் ஓடுகிறோம்.

அளவோடு பெயரும் சேர்ந்துகொள்கிறது. 2005இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், பாற்கட்டியிலும் வியர்த்த பாதத்திலும் இருக்கிற ஐசோவலெரிக் அமிலத்தைப் பாற்கட்டி வாசனையோடு சேர்த்துச் சிலருக்கு முகரக் கொடுத்தார்கள். சிலமுறை திரையில் 'செடார் பாற்கட்டி' என்ற சொல்லும், சிலமுறை 'உடல் நாற்றம்' என்ற சொல்லும் தோன்றின. மணம் ஒன்றே. பாற்கட்டி என்று வாசித்தபோது பிடித்திருந்தது, உடல் நாற்றம் என்று வாசித்தபோது பிடிக்கவில்லை. மணத்தின் இனிமையை மதிப்பிடும் மூளைப்பகுதியின் செயற்பாடும் சொல்லோடு சேர்ந்து மாறியது. மணமே இல்லாத சுத்தமான காற்றுக்குக்கூடச் சொல்லைப் பொறுத்து மதிப்பீடு மாறியது. 'நாறும் தோஃபு' என்று பெயர்ப்பலகையில் எழுதி விற்கிறவர்கள் இந்த விதியை எதிர்த்து நின்றே வெல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இரவுக்கும் இதில் இடம் உண்டு. பிரவுண் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் ஹேர்ஸ் குழுவினர், பதின்ம வயதினர் 37 பேரை நாள்கணக்கில் ஆய்வுகூடத்தில் தங்கவைத்து அவர்களின் மோப்பக்கூர்மையை அளந்தார்கள். உடற்கடிகாரத்தின்படி இரவு தொடங்கும் வேளையில், சராசரியாக ஒன்பது மணியளவில், மூக்கு மிகக் கூர்மையாக இருந்தது. விடியற்காலையில் மிக மந்தம். பசி அதிகரிக்கும்போது இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஓமோனும் முகரும் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இரவு, பசி, கருவாடு மூன்றும் ஒரே நேரத்தில் கூடுகிற இடம்தான் அந்தக் கடை.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. 'வாயில் இருக்கிற உணவு' என்ற முகவரியை மூளை எப்போது எழுதத் தொடங்குகிறது? 2001இல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வகத்தில் ஜூலி மெனெல்லா, கருவுற்ற தாய்மாரில் ஒரு பகுதியினரைக் கரட் சாறு குடிக்கவைத்தார், மற்றவர்களுக்குத் தண்ணீர். பிள்ளைகள் திட உணவு தொடங்கும் பருவத்தில் அவர்களுக்குக் கரட் வாசமுள்ள கஞ்சி கொடுத்து முகத்தைக் கவனித்தார். கருவிலேயே கரட்டைச் சந்தித்த பிள்ளைகள் முகஞ்சுளித்தது குறைவு. தாய் தின்றதன் வாசம் பனிக்குட நீருக்குள்ளும் தாய்ப்பாலுக்குள்ளும் போய்ச் சேருகிறது.

இந்தச் சோதனையைக் கருவாட்டில் செய்ய வெள்ளவத்தையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவில், கருவாடு இல்லாமல் சோறு இறங்காத வீடும் தலைமுறை தலைமுறையாகச் சைவமான வீடும் இருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊர்வழி வந்த குடும்பங்கள். சைவ வீட்டுப் பிள்ளைக்கும் நடைக்கூடத்தில் வருகிற அந்த மணம் முன்வாசல் வழியாக நன்கு பழக்கம், பின்வாசல் வழியாக ஒருபோதும் வந்ததில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீர்த்த வெடுக்கு மூலக்கூறு தோய்த்த காகிதக் கீற்றை முகரக் கொடுத்து முகத்தைப் பதிவுசெய்யவேண்டும். ஐந்தாம் எண் ஏற்பியின் மரபணுவைப் பார்க்க ஒரு துளி உமிழ்நீர் எடுக்கவேண்டும். பிறகு தாயிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் கருவாடு சாப்பிட்டீர்களா, எத்தனை தரம்?